பொய்பெட் மூடியிருந்தால் என்ன, அங்கோருக்குப் பழைய சாலை இருக்கிறது

கேள்வி இதுதான்: "நானும் என் நண்பனும் பாங்காக்கில் இறங்கி, முதுகுப்பையோடு தரைவழியாகவே எல்லை தாண்டி அங்கோர் வாட் போக ஆசைப்படுகிறோம். பொய்பெட் எல்லை மூடிவிட்டார்கள், விமானம்தான் வழி என்கிறார்கள். இரண்டு வாரம் விடுப்பு இருக்கிறது. வேறு வழி உண்டா? கோயில்களைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறோம்."

உண்டு. அது மாற்று வழி மட்டும் இல்லை, கோயில் பார்க்கப் போகிறவருக்கு அதுதான் சரியான வழி என்று சொல்லுவேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லை விஷயம். பாங்காக்கிலிருந்து அரன்யபிரதேத், அங்கே எல்லையைக் கடந்தால் பொய்பெட், அப்புறம் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப். இருபது வருடமாக முதுகுப்பைக்காரர்கள் எல்லோரும் போன பாதை இது. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு சியெம் ரீப். 2025 மே மாதம் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு கம்போடிய வீரர் இறந்தார். அதிலிருந்து உறவு கெட்டு, எல்லை வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஜூலையில் ஐந்து நாள் சண்டை, டிசம்பரில் மறுபடியும் சண்டை. அதனால் இரு நாட்டுக்கும் இடையே தரைவழி திறந்துவிட்டது என்று உறுதியான செய்தியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள். எல்லை வரை கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்லும் ஏஜெண்ட் பேச்சு செய்தி ஆகாது. மலை உச்சியில் நிற்கும் பிரியா விஹியர் கோயிலையும் இந்த முறை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1962-இல் சர்வதேச நீதிமன்றம் கம்போடியாவுக்குத் தந்த கோயில் அது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது முதல் அதைச் சுற்றித்தான் சண்டை.

இனி வழிக்கு வருவோம். அங்கோரைத் தலைநகராகக் கொண்ட கெமர் பேரரசு இருந்தபோது இந்த எல்லைக்கோடு கிடையாது. அங்கோரிலிருந்து நாலா பக்கமும் மண் மேடுபோட்டு உயர்த்திய சாலைகள் கிளம்பின. ஒன்று வடமேற்கே இன்றைய தாய்லாந்தின் பிமாய் வரை போனது. இன்னொன்று வடகிழக்கே கோ கேர் வழியாக, இன்றைய லாவோசில் இருக்கும் வாட் பூ கோயில் வரை போனது. கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துப் பிரியா கான் கோயில் கல்வெட்டு, சாலையோரங்களில் 121 தங்குமனைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறது. அங்கோர்–பிமாய் சாலையில் மட்டும் 17. நம் ஊர் வார்த்தையில் சத்திரம். தா ப்ரோம் கோயில் கல்வெட்டு 102 மருத்துவச் சாலைகளைச் சொல்கிறது. ஆகவே முதுகில் மூட்டையோடு இந்த ஊர்களுக்கு நடுவே நடந்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்பே அவர்களுக்கு வழியில் படுக்க இடம் இருந்தது.

நான் சொல்லும் வழி இந்த இரண்டு சாலைகளின் நுனிகளையும் தொட்டுக்கொண்டு அங்கோருக்குள் நுழைவது. பாங்காக், பிமாய், பனோம் ருங், உபோன் ரட்சதானி, லாவோசுக்குள் பாக்சே, வாட் பூ, மேகாங் ஆற்றுத் தீவுகள், அங்கிருந்து கம்போடியாவின் ஸ்டங் டிரெங், கோ கேர், சியெம் ரீப். எல்லை இரண்டு. நாள் பன்னிரண்டு போதும், பதினான்கு இருந்தால் நிம்மதி.

தாய்லாந்துப் பகுதி சுலபம். பாங்காக்கிலிருந்து வடகிழக்கே போகும் ரயில் பாதை நக்கோன் ரட்சசீமா, புரிராம், சுரின், உபோன் என்று ஏறக்குறைய அந்தப் பழைய நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. நக்கோன் ரட்சசீமாவில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் 60 கி.மீ. பிமாய். ஊருக்கு நடுவிலேயே கோயில். கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்க்கும், இது தென்கிழக்கே அங்கோரைப் பார்த்து நிற்கிறது. மகாயான பௌத்தக் கோயில், ஆனால் வெளிச்சுவரில் ராமாயணம். மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

பனோம் ருங்குக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நாங் ரோங் என்ற சின்ன ஊரில் தங்கி பைக் வாடகைக்கு எடுப்பது நல்லது. அணைந்துபோன எரிமலையின் உச்சியில் சிவன் கோயில். பதினைந்து வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சில நாள் சூரியன் உதிக்கும்போது ஒளி பதினைந்து வாசலையும் துளைத்து வரும். அந்த நாட்களில் போனால் ஒளியைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். கிழக்கு முகப்பில் ஆடும் சிவன், அதற்குக் கீழே உத்திரக்கல்லில் பள்ளிகொண்ட பெருமாள். அந்த உத்திரக்கல் 1960-களில் களவு போய், சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் தென்பட்டு, பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1988-இல் திரும்பி வந்தது. மலையடிவாரத்துப் பக்கம் பான் பூ என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள், நான் மேலே சொன்ன சத்திரங்களில் ஒன்று செம்பூரான்கல் சுவரோடு நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடிக்கொண்டிருக்கும். எனக்கு மலை மேலிருந்த கோயிலைவிட அதுதான் மனதில் நின்றது. 2025 சண்டையின்போது புரிராம், சுரின், சீசகெட், உபோன் மாகாணங்களின் எல்லையோரக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அதனால் கிளம்பும் வாரத்துச் செய்தியைப் பாருங்கள், எல்லை ஓரத்துச் சின்னக் கோயில்களைத் தேடிப் போகாதீர்கள்.

உபோனிலிருந்து பாக்சேவுக்கு நேரடி பஸ் உண்டு. சொங் மெக் என்ற இடத்தில் தாய்லாந்து முத்திரை, ஒரு சுரங்க நடைபாதை வழியாக அந்தப் பக்கம் போனால் வாங் தாவ், லாவோஸ். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கேயே விசா கிடைக்கும். நாற்பது டாலர் அளவில் ஆகும், போட்டோ கையில் வைத்திருங்கள். விசா ஒட்டி வாங்கும் வரை பஸ் காத்திருக்கும் என்று நம்பாதீர்கள், இறங்கும்போதே ஓட்டுநரிடம் சைகையிலாவது சொல்லிவிட்டுப் போங்கள். இந்தியர்களுக்கான தாய்லாந்து விதிகள் சமீப வருடங்களில் அடிக்கடி மாறியிருக்கின்றன. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் மூன்று நாட்டுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். தூதரகத் தளத்தில் உள்ளதே கணக்கு.

பாக்சேவில் ஓர் இரவு, மறுநாள் காலை தெற்கே நாற்பது கி.மீ. சம்பாசக். வாட் பூ அதன் பக்கத்தில்தான். இங்கேதான் இந்தப் பயணம் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வாட் பூவுக்குப் பின்னால் ஒரு மலை. சுமார் 1,400 மீட்டர். அதன் உச்சியில் இயற்கையாகவே ஒரு பாறைத் தூண் லிங்கம்போல நிமிர்ந்து நிற்கிறது. பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் இதற்கு லிங்கபர்வதம் என்று பெயர். கோயில் கட்டியதால் இந்த இடம் புனிதமாகவில்லை, மலையைப் பார்த்துவிட்டுத்தான் கோயில் கட்டினார்கள். கீழே மேகாங் கரையில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஒரு நகரம் இருந்தது. இப்போது நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 11, 12-ஆம் நூற்றாண்டு. அடிவாரத்தில் இரண்டு பெரிய குளங்கள், நடுவே கல் பாதை, இரு பக்கமும் இடிந்த மண்டபங்கள், அப்புறம் படி. கோணல்மாணலாகப் பெயர்ந்த, செங்குத்தான படி. இரு பக்கமும் வயதான நாகலிங்க மரமா என்று நினைப்பீர்கள், இல்லை, நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரிதான். லாவோசில் அதைச் சம்பா என்கிறார்கள், அவர்களுடைய தேசியப் பூ.

மேலே கருவறையில் இன்று புத்தர் இருக்கிறார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். மலைப் பாறையின் அடியில் ஓர் ஊற்று, வறண்ட மாதத்திலும் கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கருவறையின் பின்சுவருக்குள் செலுத்தி, உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழும்படி அமைத்திருந்தார்கள். மனிதக் கை தேவைப்படாத அபிஷேகம். லிங்கம் போய்விட்டது. ஊற்றுத் தண்ணீரை ஊர்க்காரர்கள் இன்றும் பாட்டிலில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். பக்கத்துப் பாறையில் மும்மூர்த்திகள் செதுக்கியிருக்கும், தவறவிடாதீர்கள். காலை எட்டரைக்குள் மேலே இருந்தால் மேகாங் சமவெளி மொத்தமும் பனிப் புகையோடு உங்களுக்கு மட்டும் கிடைக்கும். பிப்ரவரியில் மூன்றாம் சந்திர மாதப் பௌர்ணமிக்கு இங்கே திருவிழா. அப்போது தங்க இடம் கிடைப்பது கஷ்டம்.

அங்கோரை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். இங்கே ஆரம்பித்துவிட்டு அங்கோர் போகிறவர்களுக்கு, அங்கே கல்லால் கட்டிய ஒவ்வொரு கோபுர மலையும் எந்த மலையின் நினைவில் எழுந்தது என்று தெரிந்திருக்கும். வழியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் செலவோ எல்லைப் பிரச்சினையோ இல்லை, இந்த வரிசைதான்.

அடுத்து மேகாங் தீவுகள், சி பான் டோன், அதாவது நாலாயிரம் தீவு. டோன் டெட்டிலோ டோன் கோனிலோ இரண்டு நாள் வலைத் தொட்டிலில் படுத்துக் கிடந்துவிடுங்கள், உடம்புக்கு வேண்டும். 1866-இல் கிளம்பிய பிரெஞ்சுப் பயணக் குழு, மேகாங் வழியாகச் சீனா வரை கப்பல் விடலாம் என்று கனவு கண்டு, இங்கே கோன் அருவிகளைப் பார்த்ததும் முகம் வாடியது. பிறகு அருவியைச் சுற்றிப் படகுகளை ஏற்றிச் செல்லத் தீவுக்குள் குட்டி ரயில் பாதை போட்டார்கள். துருப்பிடித்த எஞ்சினும் பாலமும் இன்னும் இருக்கின்றன, சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். டால்ஃபின் காட்டுகிறோம் என்று யாராவது படகுக்கு அழைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த மடுவில் கடைசியாக இருந்தது 2022-இல் இறந்துவிட்டது.

இரண்டாவது எல்லை: லாவோஸ் பக்கம் நோங் நோக் கியன், கம்போடியா பக்கம் திரபெயாங் கிரியெல். காட்டுக்கு நடுவே இரண்டு பெரிய கட்டடங்கள், நடுவே நாயும் வெயிலும் மட்டும். கம்போடிய சுற்றுலா விசா 30 டாலர், வாசலிலேயே கிடைக்கும். ஆளில்லாத தரை எல்லைகளில் முத்திரைக்கு இரண்டு டாலர், காய்ச்சல் பார்க்க ஒரு டாலர் என்று ரசீதில்லாத வசூல் நடப்பது பழைய கதை. சிரித்துக்கொண்டே ரசீது கேளுங்கள், அவசரம் இல்லாதவர்போல உட்காருங்கள். பாதி நேரம் விட்டுவிடுவார்கள். விடவில்லை என்றால் இரண்டு டாலருக்காகக் கத்தாதீர்கள், பஸ் போய்விடும். எனக்கு நேர்ந்தது வேறு. தீவிலிருந்து சியெம் ரீப் வரை ஒரே டிக்கெட் என்று விற்ற வேன்காரர் எல்லையில் இறக்கிவிட்டார். அந்தப் பக்கம் வந்த வேனில் பன்னிரண்டு இருக்கைக்குப் பத்தொன்பது பேர். மூன்று மணி நேரம் ஒரு நூடுல்ஸ் கடை நிழலில் கழிந்தது. அதனால் இப்போதெல்லாம் ஸ்டங் டிரெங் வரைக்கும்தான் எடுக்கிறேன். அங்கே இரவு தங்கி மறுநாள் புதிதாக வேன் பிடிப்பது. ஸ்டங் டிரெங்கில் மேகாங் மேல் 2015-இல் பாலம் வந்தபிறகு மேற்கே சியெம் ரீப் போகும் சாலை நன்றாகவே இருக்கிறது.

பணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்போடியாவில் டாலர் ஓடும், சில்லறையை உள்ளூர் நாணயமான ரியெலில் தருவார்கள், டாலருக்கு ஏறக்குறைய 4,000. ஆனால் ஓரம் கிழிந்த டாலர் நோட்டைக் கோயில் உண்டியலில்கூடப் போட யோசிப்பார்கள். ஊரிலிருந்தே புது நோட்டாக, சின்ன நோட்டாக வாங்கிக்கொண்டு போங்கள்.

நேராக சியெம் ரீப் போகாமல் வழியில் பிரியா விஹியர் மாகாணத்துத் தலைநகர் ட்பெங் மியன்சேயில் இறங்குங்கள். கோயிலும் மாகாணமும் ஒரே பெயர், குழம்ப வேண்டாம். இந்த ஊர் தாய்லாந்து எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது, இருந்தாலும் இங்கேயும் செய்தி பார்த்துவிட்டே. அங்கிருந்து வண்டி பேசி கோ கேர். நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டுவிட்டு இங்கே வந்து தலைநகர் அமைத்தான், 928 முதல் 944 வரை. பதினாறு வருடம்தான். அதற்குள் காட்டுக்குள் ஏழு அடுக்குக் கல் பிரமிடு, 36 மீட்டர் உயரம், உச்சியில் ஒரு ராட்சத லிங்கம் இருந்ததாம். இப்போது பக்கவாட்டு மரப்படியில் ஏறலாம். 2023-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இங்கே பிரசாத் சென் என்று ஒரு சின்னக் கோயில். அதற்குள் துரியோதனனும் பீமனும் கதாயுதத்தோடு மோதும் காட்சி, சுற்றிலும் பாண்டவர்களும் பலராமனும் பார்த்துக்கொண்டிருப்பதாக, முழு உருவச் சிலைகளாக வைத்திருந்தார்கள். சுவர்ச் சிற்பம் இல்லை, தனித்தனிச் சிலை. துரியோதனன் காற்றில் எழும்பப்போகும் நிலையில். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கணுக்காலோடு அறுத்துத் தூக்கிப் போனார்கள். 2011-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த சிலையின் கால், இங்கே மண்ணில் விட்டுப்போன பாதத்தோடு பொருந்தியது. அதை வைத்துத்தான் வழக்காடி 2014-இல் மீட்டார்கள். சிலைகள் இப்போது புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில். கோ கேரில் நீங்கள் பார்ப்பது காலியான மேடைகளைத்தான், தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காலியே போதும். ஒன்று மட்டும் விளையாட்டில்லை: இது கண்ணிவெடிகள் நிறைந்திருந்த காடு. சிறுநீர் கழிக்கக்கூட மிதிபட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

சியெம் ரீப்புக்குப் போகும் வழியில் பெங் மியலியா விழும், வேர் மூடிய பெரிய இடிபாடு. அதற்கு அங்கோர் கோயில்களுக்கான நுழைவு பாஸ் செல்லும், கோ கேருக்குத் தனி டிக்கெட்.

அங்கோர் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பாஸ் ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் பாஸைப் பத்து நாளுக்குள் பிரித்துப் பயன்படுத்தலாம், அதை எடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வாங்கினால் அன்றைய அஸ்தமனம் இலவசம், கணக்கு மறுநாள்தான் தொடங்கும். அங்கோர் வாட்டில் சூரிய உதயத்துக்கு எல்லோரும் இடது பக்கக் குளத்தங்கரையில் தோளோடு தோள் நிற்பார்கள். நீங்கள் ஒரு தடவை நின்றுவிட்டு, அவர்கள் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பும் ஏழு மணிக்குக் கீழ்த்தளச் சிற்பக் கூடத்துக்குள் போங்கள். கிழக்குப் பக்கத்தில் பாற்கடல் கடையும் காட்சி, ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், ஒரே கயிறு. மேல்தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், பௌத்த விரத நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். அங்கோரிலேயே இருக்கும் பாயோன் கோயிலில் எல்லோரும் கோபுரங்களில் செதுக்கிய முகங்களை அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் வெளிச்சுவரைப் பாருங்கள். சேவல் சண்டை, மீன் விற்பவள், பிரசவம், பானையில் கொதிக்கும் சோறு என்று 800 வருடத்துக்கு முந்தைய சந்தை முழுவதும் அங்கே இருக்கிறது.

மரக்கறிக்காரர் என்றால் ஒரு வார்த்தை: மூன்று நாட்டிலும் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். தாய்லாந்திலும் லாவோசிலும் "ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை அது. கம்போடியக் கிராமத்தில் சோறும் வறுத்த கீரையும் வாழைப்பழமும்தான், பழகிவிடும். பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி. ஏப்ரல் நடுவில் வேண்டாம். நம் சித்திரைப் புத்தாண்டு நாளிலேயே இந்த மூன்று நாட்டுக்கும் புத்தாண்டு, பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, வெயில் வேறு. பை எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது.

திரும்ப பாங்காக் வரும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். சியெம் ரீப்பிலிருந்து புனோம் பென், அங்கே அருங்காட்சியகத்தில் துரியோதனனைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பாவெட் எல்லை வழியாக வியட்நாமின் ஹோ சி மின் நகரம், அங்கிருந்து ஊருக்கு விமானம். வியட்நாமுக்கு இ-விசா 25 டாலர், கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். சியெம் ரீப்பிலிருந்து புனோம் பென் போகும் வழியில் கொம்போங் தோம் பக்கம் சம்போர் பிரெய் குக் இருக்கிறது. அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்த செங்கல் கோயில்கள். நேரம் இருந்தால் இறங்குங்கள்.

கடைசி ஒன்று, இது நம் ஆட்களுக்கு மட்டும். அங்கோர் பாஸில் ஒரு காலையை பந்தே ஸ்ரெய்க்கு வையுங்கள், சியெம் ரீப்பிலிருந்து 35 கி.மீ. சிவப்புக் கல்லில், ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் போகாத வாசல்களோடு, நகை வேலைபோலச் செதுக்கிய சிவன் கோயில். அரசன் கட்டியதில்லை, யக்ஞவராகன் என்ற அரசவைக் குரு கட்டியது. குடமுழுக்கு 967-இல். ராஜராஜன் பட்டத்துக்கு வர அப்போது இன்னும் பதினெட்டு வருடம் இருந்தது. கைலாயத்தை ராவணன் பெயர்க்கிறான், மன்மதன் எரிகிறான். கிழக்கு வாசல் ஒன்றின் மேல், கிழக்கு பார்த்த முக்கோண முகப்பில், சிவன் ஆடுகிறார். காலை வெயில் நேராக அதன்மேல் விழும், அதனால் திறந்தவுடன் ஏழரைக்கே போங்கள். வழிகாட்டிகள் ஆடும் சிவனைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் சிவனின் காலடியில், ஓரத்தில் பாருங்கள். எலும்பு தெரிய, மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காரைக்கால் அம்மையார்.